பெனால்டி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறதா? கீப்பர்களுக்கு, கோளாறு வாரியாக

மதுரையில் ரேஸ்கோர்ஸ் பக்கமும் பள்ளி மைதானங்களிலும் கால்பந்துக் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பதால், திரும்பத் திரும்ப என் காதில் விழும் புகார் ஒன்றுதான்: "அண்ணே, எல்லாம் பிடிக்கிறேன், பெனால்டி மட்டும் வரமாட்டேங்குது." கேட்கிற பையனும் பிள்ளையும் மாறினாலும் உள்ளே இருக்கும் கோளாறு ஆறேழுக்குள் அடங்கிவிடும். உங்களுடையது எது என்று தலைப்பைப் பார்த்து நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், நாள் பிடிக்கும் காரணம் கடைசியில்.

முன்னதாக ஒரு விஷயம். பெரிய லீக்குகளிலேயே நான்கு பெனால்டியில் மூன்றுக்குக் குறையாமல் கோல் ஆகிறது. மூன்று பெனால்டி மூன்று விதமாக உள்ளே போயிருந்தால் அது கோளாறே இல்லை, ஆட்டம். ஒரே மாதிரி கோல் திரும்பத் திரும்ப வாங்கினால் மட்டும் மேலே படியுங்கள்.

அப்புறம் ஒரு வீடியோ வேண்டும். கோல் கோட்டுக்கு நேராக, போஸ்டிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, போனைச் செங்கல் மேல் சாய்த்து ஸ்லோ மோஷனில் பத்து பெனால்டி எடுங்கள். இன்னொரு பத்தை உதைப்பவருக்குப் பின்னால் நின்று யாராவது எடுக்கட்டும். "நான் அப்படிச் செய்யவே இல்லையே" என்று எல்லாக் கீப்பரும் சொல்வார்கள். வீடியோ வேறு சொல்லும்.

## கோளாறு 1: சரியான பக்கம்தான் போகிறேன், பந்து எட்டவில்லை

"கரெக்டான பக்கந்தேன் விழுந்தேன், இந்தா இம்புட்டுத்தேன் கேப்பு" என்று விரலை விரித்துக் காட்டுவார்கள். வருகிற புகார்களில் பாதி இதுதான்.

கணக்கு எளிது. கோலின் அகலம் 7.32 மீட்டர். நடுவில் நிற்கும் உங்களுக்கும் போஸ்டுக்கும் 3.66 மீட்டர். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் கையை நீட்டிப் படுத்தால் கால் முதல் விரல் நுனி வரை ஏறக்குறைய 2.1 மீட்டர். நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தால் ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். அந்த ஒரு மீட்டர் கையிலிருந்து வராது, காலிலிருந்துதான் வர வேண்டும். "உயரம் பத்தலை" என்ற பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

### நிற்கும் நிலை

வீடியோவில் உதைக்கும் நொடியில் நிறுத்திப் பாருங்கள். குதிகால் தரையில் அழுந்தியிருக்கிறதா? கால்கள் தோள் அகலத்தைத் தாண்டி அகண்டிருக்கின்றனவா? டிவியில் பார்த்துவிட்டுக் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நிற்கிறீர்களா? உதைப்பவரை மிரட்ட அது உதவலாம். ஆனால் பந்து கிளம்பும்போது கை இடுப்பருகே, முழங்கை லேசாக மடங்கி, எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்க வேண்டும். காலை ரொம்ப அகட்டி நின்றால் எட்டு வைக்கவே இடமிருக்காது. அதைச் சரிசெய்ய ஒரு சாயங்காலம் போதும்.

### பின்பக்கமாகப் பாய்வது

இதைக் கண்டுபிடிக்கப் போன் கூட வேண்டாம். கோல் கோட்டில் சுண்ணாம்புத் தூளைப் பட்டையாகத் தூவுங்கள். பாய்ந்து எழுந்ததும் இடுப்பு பட்ட தடம் கோட்டுக்கு முன்னால் இருக்கிறதா, வலைப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பையன்களில் பெரும்பாலோர் வலைப் பக்கம்தான் விழுகிறார்கள்.

பந்து 11 மீட்டர் தூரத்திலிருந்து மூலைக்கு விரிந்துகொண்டே வருகிறது. கோட்டுக்கு அரை மீட்டர் முன்னால் மறித்தால் 3.49 மீட்டர் தள்ளிப் பிடித்தால் போதும். அரை மீட்டர் பின்னால் போய்விட்டால் 3.83 மீட்டர் போக வேண்டும். ஒரு அடிக்கு மேல் வித்தியாசம், சும்மா விட்டுக்கொடுத்தது. முதல் காலடி, பந்து வரும் பக்கமாக, சற்று முன்னால் சாய்ந்து போகட்டும். பழக, இரண்டு போஸ்டுக்கும் அருகே கோட்டுக்கு முன்னால் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து, பந்தே இல்லாமல் அதைத் தட்டிவிடப் பாயுங்கள்.

### எட்டே வைக்காமல் விழுவது

சுண்ணாம்புத் தடம் முன்னால்தான் இருக்கிறது, ஆனாலும் எட்டவில்லை என்றால் அடுத்தது இது. பந்து வரும் பக்கத்துக் கால் ஒரு எட்டு பக்கவாட்டில் போய், ஊன்றி, உடம்பைத் தள்ள வேண்டும். பயப்படும் கீப்பர் முழங்காலை மடக்கி அப்படியே சரிந்துவிடுவார். வீடியோவில் அந்தக் கால் தரையை விட்டுக் கிளம்பும்போது முழங்கால் நிமிர்கிறதா என்று பாருங்கள். மடங்கியே இருந்தால் தள்ளவில்லை என்று அர்த்தம்.

மேல் மூலைக்குப் போகும் பந்துக்கு மேல் கை, தரையோடு போகும் பந்துக்குக் கீழ்க் கை முந்திப் போக வேண்டும். இதை மாற்றிச் செய்தால் விரல் நுனிக்கு நாலு அங்குலம் குறையும்.

### கால் பலம்

மேலே சொன்னதெல்லாம் சரி, இன்னும் எட்டவில்லையென்றால் பலம்தான். ஒற்றைக் காலில் நின்று பக்கவாட்டில் தாவி, இரண்டு காலுக்கும் தூரத்தை அளந்து பாருங்கள். ஒரு ஷூ நீளத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பலவீனமான காலுக்குக் கூடுதல் வேலை கொடுங்கள்: ஒற்றைக் கால் குந்துதல், பக்கவாட்டுத் தாவல், படிக்கட்டு ஏற்றம். பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். அதற்குள் மண்டலப் போட்டி வந்துவிட்டால் முதல் மூன்று பழுதை மட்டும் பார்த்துவிட்டு ஆடுங்கள்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்தும் தூரம் கூடவில்லை என்றால் கோல்கீப்பிங் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். பொதுப் பயிற்சியாளர்கள் பலர் கீப்பரை ஒரு மூலையில் நிறுத்திப் பந்தை அடித்துக்கொண்டிருப்பதோடு சரி. அது பயிற்சி ஆகாது. தாவும்போது முழங்காலோ இடுப்பு மடிப்போ வலித்தால் பயிற்சியாளரிடம் போக வேண்டாம், முதலில் பிசியோதெரபிஸ்ட்.

## கோளாறு 2: நான் ஒரு பக்கம், பந்து நடுவில்

உதைக்கும் முன்பே கிளம்பிவிடுகிறீர்கள். வேறு காரணமே இல்லை. பக்கவாட்டு வீடியோவில் பந்து கிளம்பும் நொடியில் உங்கள் உடம்பு ஏற்கெனவே சாய்ந்திருக்கும்.

இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு 286 பெனால்டிகளைப் பார்த்தது. நடுப்பகுதிக்கு வந்தவை 28.7 சதவீதம். கீப்பர் நடுவிலேயே நின்றது 6.3 சதவீதம் மட்டும். சும்மா நின்று கோல் வாங்கினால் திட்டுவார்கள், பாய்ந்து வாங்கினால் "முயற்சி பண்ணினான்" என்பார்கள். தொழில்முறைக் கீப்பருக்கே அந்தப் பயம். 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா மெதுவாக நடுவில் தூக்கிப் போட்டு மேற்கு ஜெர்மனிக் கீப்பர் செப் மையரை ஏமாற்றியது இதை வைத்துத்தான்.

தொழில்முறை ஆட்டத்தில் பந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 11 மீட்டரைக் கடக்க 0.44 நொடி. அங்கே பார்த்துவிட்டுக் கிளம்ப நேரமில்லை, கொஞ்சம் ஊகிக்கத்தான் வேண்டும். பள்ளி அணியில் 70 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் பையனுக்கு 0.57 நொடி. அந்தக் கூடுதல் நேரம் உங்களுக்குப் பெரிய வரம். அர்ஜென்டினாக் கீப்பர் மார்ட்டினெஸ் செய்கிறார், இங்கிலாந்துக் கீப்பர் பிக்ஃபோர்ட் செய்கிறார் என்று முன்கூட்டிப் பாய்வது, நம் மட்டத்தில், கிடைத்த நேரத்தைத் தூக்கி எறிவது. என்னிடம் வரும் கீப்பர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதுதான்: ஊகிக்காதே, காத்திரு.

சரி, எப்படிப் பழகுவது? நண்பர் ஓடி வரட்டும், ஆனால் மூன்றில் ஒரு முறை பந்தைத் தொடாமல் தாண்டிப் போகட்டும். நீங்கள் அந்த முறை அசைந்திருந்தால் தோற்றீர்கள். அசையாமல் நிற்பது பழகிய பிறகு, உதைப்பவரின் ஊன்றுகால் (உதைக்காத மற்றக் கால்) பந்துக்குப் பக்கத்தில் பதியும்போது ஒரு சின்னத் துள்ளல் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாய்ச்சல் அதற்கப்புறம். இதற்கு யாரிடமும் போக வேண்டியதில்லை.

## கோளாறு 3: எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை

காத்திருக்கக் கற்றுக்கொண்டும் கண் எங்கே பார்ப்பது என்று தெரியாதவர்களுக்கு இது. பலர் உதைப்பவரின் முகத்தையே பார்க்கிறார்கள். முகம் பொய் சொல்லும்.

ஓடி வரும் கோணத்திலிருந்து தொடங்குங்கள். வலது காலால் அடிப்பவர் நன்றாக வளைந்து பக்கவாட்டிலிருந்து வந்தால், உடம்புக்குக் குறுக்கே இழுத்து உங்கள் வலது பக்கம் அடிப்பது அவருக்கு வசதி. நேராக ஓடி வந்து, கடைசியில் இடுப்பைத் திறந்து, பாதத்தின் உட்பக்கத்தைக் காட்டினால் உங்கள் இடது பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். இடது காலாட்டக்காரருக்கு இதெல்லாம் தலைகீழ். எல்லாவற்றிலும் நம்பகமானது ஊன்றுகால்: அதன் நுனி காட்டும் திசைக்குத்தான் பந்து பெரும்பாலும் போகும். ஆனால் அது பதிந்து பந்து கிளம்புவதற்குள் இருக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால்தான் பழக்கம் வேண்டும். பின்பக்கமிருந்து எடுத்த வீடியோவில் ஊன்றுகால் பதிந்ததும் நிறுத்தி, பக்கத்தைச் சொல்லி, பிறகு ஓடவிட்டுப் பாருங்கள். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

ஊர் போட்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. வெறுங்காலோடு ஆடிப் பழகிய சிலர் விரல் நுனியால், டோவில், குத்துவார்கள். இடுப்பும் திரும்பாது, காலும் காட்டிக்கொடுக்காது. அவர்களிடம் ஊகமே வேண்டாம். நடுவில் நின்று பந்தைப் பார்த்துப் போங்கள். அந்த உதையில் மூலையைத் துல்லியமாகப் பிடிப்பது அவர்களுக்கும் கஷ்டம்.

தயங்கித் தயங்கி, உங்களைப் பார்த்துக்கொண்டே ஓடி வருபவர் நீங்கள் அசைவதற்காகக் காத்திருக்கிறார். அசையாதீர்கள். தோளை ஒரு பக்கம் லேசாக ஆட்டிவிட்டு நிற்கலாம். தலையைக் குனிந்தபடி ஓடி வருபவர் முன்னமே முடிவு செய்துவிட்டார். அவரிடம் நடிப்பு செல்லாது, காலைப் பாருங்கள்.

குறிப்பு எழுதி வைத்துக்கொள்வதும் உதவும். 2006 உலகக் கோப்பை காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஜெர்மனிக் கீப்பர் யென்ஸ் லேமன் காலுறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். 2024 யூரோ கோப்பையில் (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலிலேயே சுவிட்சர்லாந்து வீரர்களின் பெயரும் பாய வேண்டிய பக்கமும் ஒட்டியிருந்தது. அவர்களில் அகாஞ்சியின் உதையைத் தடுத்தார். மதுரையில் ஒரே அணிகளைத்தான் வருடத்துக்கு நாலு தடவை பார்க்கிறோம், திண்டுக்கல் பக்கம் போனால் அங்கேயும் பழகிய முகங்கள்தான். ஜெர்சி எண், எந்தக் கால், கடைசியாக எந்தப் பக்கம் என்று எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

## கோளாறு 4: கையில் பட்டும் உள்ளே போகிறது

முதலில் பந்தைப் பாருங்கள். விதிப்படி காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 அட்மாஸ்ஃபியர். சைக்கிள் பம்பில் இஷ்டத்துக்கு அடைத்த பந்து கல் மாதிரி இருக்கும், கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கவே அமுங்காது. பயிற்சியில் அப்படிப்பட்ட பந்து இருந்தால் காற்றை இறக்குங்கள். போட்டியில் ரெஃப்ரியிடம் சொல்லுங்கள்.

அடுத்து கிளவுஸ். உள்ளங்கைப் பக்கத்து லேடெக்ஸ் (ரப்பர்) காய்ந்திருந்தால் வழுக்கும். நம் செம்மண் தூசி படிந்தால் கேட்கவே வேண்டாம். கோல் ஓரத்தில் ஒரு பாட்டிலும் ஈரத் துண்டும் எப்போதும் இருக்கட்டும். பெனால்டி கொடுத்ததும், எல்லோரும் ரெஃப்ரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், உள்ளங்கையை நனைத்துத் துடையுங்கள். துவைத்த கிளவுஸை மொட்டை மாடி வெயிலில் காயப்போடுவதுதான் இங்கே பெரிய கொலை. சித்திரை வெயிலில் கொஞ்ச நாளிலேயே லேடெக்ஸ் வெடித்துவிடும். கையால் அலசி நிழலில் போடுங்கள்.

இரண்டும் சரியென்றால் மணிக்கட்டு. கை தளர்வாகப் போனால் பந்து அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும். விரல்கள் விரிந்து, மணிக்கட்டு விறைப்பாக, உள்ளங்கை பந்தின் எதிரே இருக்க வேண்டும். மூலைக்குப் போகிற பந்தைப் பிடிக்க ஆசைப்படாதீர்கள், போஸ்டுக்கு வெளியே தள்ளுங்கள். நடுவில் தட்டிவிட்டால் ஓடி வருபவர் உள்ளே போட்டுவிடுவார்.

ஆட்டம் சமனில் முடிந்து, வெற்றியை முடிவு செய்ய மாறி மாறிப் பெனால்டி அடிக்கும் ஷூட்அவுட்டில் ரீபௌண்ட் கிடையாது, தட்டிவிட்ட பந்தை யாரும் மறுபடி அடிக்க முடியாது. ஆனாலும் பந்து நிற்கும்வரை அந்த உதை முடிந்ததாகக் கணக்கில்லை. 2010-ல் மொராக்கோவில் ஒரு கீப்பர் தடுத்துவிட்டுக் கொண்டாடத் திரும்பினார், பந்து சுழன்றுகொண்டே பின்னால் உள்ளே போனது. கோல்.

புது கிளவுஸ் வாங்குவது கடைசி வழி. டவுன்ஹால் ரோடு பக்கம் போனால் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

## கோளாறு 5: தடுத்துவிட்டேன், மறுபடி அடிக்கச் சொல்கிறார்கள்

உதைக்கும் நொடியில் உங்கள் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டைத் தொட்டோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். 2019 வரை இரண்டு காலும் கோட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. இப்போது ஒன்று போதும், ஆகவே பின்னங்காலைக் கோட்டில் வைத்தபடி முன்னங்கால் எட்டு வைக்கலாம். மீறித் தடுத்தால் மறுபடி உதை. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை மஞ்சள் அட்டை.

சோதிக்கப் பக்கவாட்டு வீடியோவே போதும். பெரும்பாலும் குற்றவாளி நான் கோளாறு 2-ல் சொன்ன அந்தத் துள்ளல்தான். பக்கவாட்டில் துள்ளாமல் முன்னால் துள்ளிவிடுவார்கள்.

கிராஸ் பாரைத் தட்டுவது, வலையை ஆட்டுவது, போஸ்டைப் பிடிப்பது எல்லாம் கூடாது. 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் எமிலியானோ மார்ட்டினெஸ் செய்த சேட்டைகளைப் பார்த்தபிறகு, 2023-24 விதிகளில், உதைப்பவரின் கவனத்தை நியாயமற்ற முறையில் சிதறடிக்கக் கூடாது என்றும் சேர்த்துவிட்டார்கள். மறுபக்கம், ஓடி வந்து முடித்த பிறகு உதைப்பதுபோல் பொய்யாகக் காலை ஓங்கினால் குற்றம் உதைப்பவருடையது. கேப்டன் மூலம் மரியாதையாகக் கேளுங்கள்.

## கோளாறு 6: ஷூட்அவுட்டில் இரண்டு கோலுக்குப் பிறகு கை கால் ஓடவில்லை

மாலை ஐந்து மணிப் போட்டி முடிந்து ஷூட்அவுட் வரும்போது மேற்கு வெயில் கண்ணில் அடிக்கும். எந்தக் கோல் என்பதை ரெஃப்ரி காசு சுண்டி முடிவு செய்வார், நாம் தேர்ந்தெடுக்க முடியாது. கீப்பர் தொப்பி போட விதி அனுமதிக்கிறது. பையில் ஒன்று இருக்கட்டும்.

மனசு விஷயத்துக்கு ஒரு கணக்கு போதும்: ஐந்தில் ஒன்றைத் தடுத்தாலே உங்கள் வேலை முடிந்தது. 1986-ல் ருமேனியாவின் ஸ்டியாவா அணிக் கீப்பர் டுக்கடாம் பார்சிலோனாவின் நான்கு உதைகளையும் தடுத்ததும், 2024 யூரோவில் போர்ச்சுகல் கீப்பர் டியோகோ கோஸ்டா ஸ்லோவேனியாவின் மூன்றையும் தடுத்ததும் அபூர்வம், அளவுகோல் இல்லை. 2023 சாஃப் (தெற்காசியக் கால்பந்து) இறுதிப் போட்டியில், பெங்களூரு கண்டீரவாவில், ஐந்து உதை முடிந்து சமனில் நின்ற பிறகு, ஆறாவது உதையில்தான் இந்தியக் கீப்பர் குர்பிரீத் சிங் சந்து குவைத்தைத் தடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். பயிற்சி முடிந்து எல்லோரும் களைத்த பிறகு ஐந்து பெனால்டி வையுங்கள், காலையில் புதுத் தெம்போடு இருக்கும்போது வேண்டாம். போட்டிக்கு முந்தைய இரவு தூக்கமே வராத அளவுக்குப் பயம் என்றால், அது பெனால்டிக் கோளாறு இல்லை. வீட்டிலும் பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள்.

## கோளாறு 7: ஒரு பக்கம் மட்டும் விழ வரவில்லை

தரை முதல் சந்தேகம். வெயில் காலத்தில் நம் மைதானத்துக் கோல் வாய் சிமெண்ட் தரைபோல இறுகிக் கிடக்கும், ஒரு தடவை அடிபட்ட உடம்பு அந்தப் பக்கம் போக மறுக்கும். கண்ணாடிச் சில்லு, கல் பொறுக்குங்கள். மண்வெட்டியால் கொத்தி, முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கும் வழியில்லையா, பள்ளியில் நீளம் தாண்டும் மணல் குழி இருக்கும். முழங்காலில் நின்று சரிவது, குந்தி நின்று சரிவது, பிறகு நின்று பாய்வது என்று அந்த மணலில் வரிசையாகப் பழகுங்கள். தொடை, இடுப்பு, விலா, தோள் என்ற வரிசையில் தரை பட வேண்டும். முழங்கை முதலில் பட்டால் தப்பு. நாளுக்கு இருபது பாய்ச்சலுக்கு மேல் சிறுவர்களுக்கு வேண்டாம்.

சிராய்ப்பைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு நாளாகியிருந்தால் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

மணலிலும் அந்தப் பக்கம் வரவில்லை, வலி இருக்கிறது என்றால் டாக்டர்தான். தோள் இடம் மாறியிருந்தாலோ, விரல் கோணியிருந்தாலோ, மைதானத்தில் யாரும் இழுத்துச் சொடுக்கு எடுக்க விடாதீர்கள். கட்டுப் போடுமுன் எக்ஸ்ரே எடுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு இருக்கிறது. தலை போஸ்டில் மோதி வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் வந்தால் அப்போதே கூட்டிப்போங்கள், ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விரல் நுனி தொங்கிப் போய் நிமிர்த்த முடியவில்லையென்றால் தசைநார் அறுந்திருக்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழற்றாமல் பட்டை போட வேண்டிவரும். கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டுப் பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கிறதென்றால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள், அங்கே இருக்கும் சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது உண்டு. வலி அப்படியே இருந்தால் பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி ஒன்று எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.